பாஸ் ஓவர்

“கேஸே டிஸ்மிஸ் ஆயிடுச்சி. இனிமே உங்க நைனா லைனைச் சுத்திகினுதான் போவணும், தெரிஞ்சிக்கோ.”

“டிஸ்மிஸ் ஆனா ஆவட்டும்க்கா. மத்தியானம் பூட்டைத் தொறந்து உட்டது யாரு? என் கையால மைசூர் பாக்கு வாங்கித் துண்ணது யாரு?”

“நீ குடுத்தே, துண்ணேன். அதுக்கு இன்னா இப்போ?”

நந்திதுர்க்கில், மூடிப்போன தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர் வீடுகளான எங்கள் லைனுக்குச் சாயங்காலச் சண்டை ஒன்றும் புதிதல்ல. ஆனால் அன்று குரல் ஏறிய வேகத்தில், சீரியல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட டிவியை அமர்த்திவிட்டு வாசலுக்கு வந்தார்கள். நான் முன்பே வெளியில்தான் இருந்தேன். காய்ந்துபோன துணியை எடுத்து மறுபடி உதறிக் காயப்போட்டேன் என்று பின்னால் சிலர் சொன்னதாகக் கேள்வி. அதைக் கவனிக்கும் அளவுக்கு அவர்களுக்கு அங்கே என்ன வேலை இருந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை.

சண்டை போட்டவர்கள் கங்கம்மாவும் சங்கமித்ராவும். பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தில் ஆட்டோ நுழையாது, ஆனால் ஒரு கட்டில் நுழையும். பிரச்சினையே அந்தக் கட்டில்தான்.

எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்வாசல் கிடையாது. சுரங்கக் கம்பெனி கட்டும்போது வைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கக்கூஸ் எல்லாம் பின்பக்கம். இரண்டு வீட்டுக்கு ஒரு சந்து, அதன் வழியாகத்தான் போக்குவரத்து. கங்கம்மாவின் புருஷன் ராஜப்பா, மகன் பிரதாப்புக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது, தனி ரூம் இல்லாத வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள் என்று யோசித்தார். யோசித்த கையோடு சந்துக்கு மேலே ஷீட் போட்டார். முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு, உள்ளே ரோஸ் கலர் பெயின்ட், நடுவே புதுக் கட்டில். முன்கதவில் உள்ளங்கை அகலப் பூட்டு. பெண் மட்டும்தான் இன்னும் கிடைக்கவில்லை.

சங்கமித்ரா வீட்டில் அவளும் அவள் அப்பா பெரியசாமியும் மட்டும். பெரியசாமி அண்ணன் சுரங்கத்தில் கீழே இறங்கி வேலை பார்த்தவர். நுரையீரலில் பாதி கல்தூசு, ஒரு முட்டி மடங்காது, கையில் கோல். சந்து மூடிய பிறகு, சொந்த வீட்டுக் கக்கூசுக்குப் போக அவர் லைனின் கடைசி வரைக்கும் நடந்து, சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைட் மேட்டு ஓரமாகத் திரும்பி, சாக்கடைக் கரையோடு அத்தனை தூரமும் திரும்பி வர வேண்டும். ஒரு மழை நாளில் அவரால் முடியவில்லை. ஸ்கூல் விட்டு வந்த பெண் பிள்ளைகள் எதிரில் வரும்போது வழியிலேயே ஆகிவிட்டது.  அதற்கப்புறம் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். குடித்தால்தானே போக வேண்டும். கால் வீங்கி, நாக்கு வறண்டு கிடந்தவரைப் பார்த்த டாக்டர், இப்படியே போனால் கிட்னி போய்விடும் என்று சங்கமித்ராவைத் திட்டினார்.

சங்கமித்ரா பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவள். விடியற்கால ரயிலில் போய் இருட்டினபின் வருவாள். முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் இல்லை. அதைப் பற்றி எங்களுக்கு இருந்த கவலையில் கால்வாசி அவளுக்கு இருந்ததில்லை. டாக்டரிடம் திட்டு வாங்கிய மறுநாள் லீவு போட்டுவிட்டு டவுனுக்குப் போய் விநாயக் என்ற வக்கீலைப் பிடித்தாள். சந்தைத் திறந்துவிட வேண்டும் என்று ராஜப்பா மேலும் கங்கம்மா மேலும் கேஸ். அந்தக் கேஸ்தான் இரண்டு வருஷம் நடந்து, அன்றைக்கு டிஸ்மிஸ் ஆகியிருந்தது.

எப்படி ஆனது என்பதைச் சொல்ல வேண்டும். அது எங்கள் ஊர்க்காரர்களால் மட்டுமே முடிகிற காரியம்.

அன்று சங்கமித்ராவைக் கூண்டில் ஏற்றி எதிர்க்கட்சி வக்கீல் கேள்வி கேட்க வேண்டிய நாள். துணைக்கு மரியகுழந்தை போனார். மரியகுழந்தை, சுரங்கத்து டைம் ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கள் லைனுக்கு இங்கிலீஷ் என்றால் அவர்தான். பென்ஷன் ஆபீசுக்கு மனு, பேங்குக்கு விண்ணப்பம், யாராவது செத்தால் பேப்பரில் போடும் விளம்பரம், எல்லாம் அவர் கையெழுத்து. ‘தி’ எங்கே வரும், எங்கே வராது என்று அரை மணி நேரம் பேசுவார்.

காலையில் டவாலி பெயரைக் கூப்பிட்டிருக்கிறார். சங்கமித்ரா போய் நின்றாள். வக்கீல் விநாயக் அந்த நேரம் மாடியில் வேறொரு கோர்ட்டில் இருந்தார். அவருக்குப் பதிலாக வேறு ஒரு வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார். ஜட்ஜ் அம்மா அதுவரை கோர்ட் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து இரண்டே வார்த்தை இங்கிலீஷில் சொன்னார்: பாஸ் ஓவர்.

கோர்ட் பாஷையில் அதற்கு, இப்போது தள்ளி வை, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிடு என்று அர்த்தமாம். இது எங்களுக்குத் தெரிந்தது பிற்பாடு. மரியகுழந்தைக்கோ கோர்ட்டில் காலையிலிருந்து காதில் விழுந்ததில் அந்த இரண்டு வார்த்தைதான் சொந்தக்கார வார்த்தை. சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கேஜ் கயிற்றை டெஸ்ட் செய்து ‘பாஸ்’ என்று எழுதியது அவர் ஆபீஸ். ஷிப்ட் முடிந்தால் ‘ஓவர்’ என்று மணி அடித்தது அவர் ஆபீஸ். ஜட்ஜுக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு, சங்கமித்ராவை வராந்தாவுக்கு அழைத்து வந்து சொன்னாராம்:

“கேஸ் பாஸ். மேட்டர் ஓவர். நடம்மா ஊட்டுக்கு.”

அவளுக்கும் சந்தேகம் வந்திருக்கிறது. கூண்டில் ஏற்றவே இல்லையே மாமா என்று கேட்டிருக்கிறாள். உண்மை கண்ணுக்கே தெரிந்தால் கேள்வி எதற்கு என்று அவர் பதில் சொன்னார். இரண்டு வருஷமாக லீவுக்காக மேனேஜரிடம் நின்று நின்று அலுத்தவள், நம்ப ஆசைப்பட்டாள். நம்பினாள். கோர்ட்டுக்குள் அணைக்கச் சொன்ன போனை மறுபடி போடவும் மறந்தாள். வக்கீல் மாடியிலிருந்து இறங்கி வந்து அவளைக் காணாமல் வாசல் கேட் வரைக்கும் தேடி ஓடி, பன்னிரண்டு தடவை போன் அடித்தாராம். அவர் கேட்டில் நிற்கும்போது உள்ளே இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். ராஜப்பா ஆஜர். சங்கமித்ரா இல்லை, வக்கீலும் இல்லை. வாதி வழக்கை நடத்தவில்லை, தள்ளுபடி.

அந்த நேரத்தில் வாதி எங்கள் லைனில் வீடு வீடாக மைசூர் பாக்கு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கங்கம்மா வீட்டுக்கும் போனாள். அதை நான் கண்ணால் பார்த்தேன். கங்கம்மா முகம் வெளுத்துப்போய் வாங்கிக்கொண்டது. சங்கமித்ரா குத்திக் காட்டவில்லை, கேஸ் ஜெயிச்சிடுச்சி, துண்ணுங்கக்கா என்றாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் கங்கம்மா சாவியோடு வந்து அந்தப் பெரிய பூட்டைத் திறந்தது. இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனது. பெரியசாமி அண்ணன் கோலை ஊன்றிக்கொண்டு, ரோஸ் கலர் சுவருக்கு நடுவே, புதுக் கட்டிலைச் சுற்றிப் பின்பக்கம் போனார். எங்களில் சிலர் கை தட்டினோம். அவர் திரும்பிப் பார்த்து, இதுக்கெல்லாமா தட்டுவாங்க என்று கேட்டார்.

இருட்டும் நேரத்துக்கு ராஜப்பா வந்து சேர்ந்தார். கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தார். பெண்டாட்டிக்கு இரண்டு திட்டு, கோர்ட்டில் நடந்த விவரம், பூட்டு. அதிலிருந்துதான் நான் முதலில் சொன்ன சண்டை.

சண்டை எப்படி முடிந்தது என்றால், உள்ளேயிருந்து பெரியசாமி அண்ணன் குரல் கொடுத்தார்.

“வாம்மா மித்ரா. நான் சுத்திகினே போறேன். பழகிட்ச்சி.”

“நீ சுத்த வாணாம் நைனா.”

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அதற்கப்புறம் கங்கம்மா என்ன சொல்லியும் அவள் பதில் பேசவில்லை. சண்டைக்கு ஆள் இல்லாமல் கங்கம்மாவும் உள்ளே போக வேண்டியதாயிற்று. எங்களுக்கும் சப்பென்று ஆகிவிட்டது.

மறுநாள் நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்றால், வக்கீல் விநாயக் ஆபீசில் டைப் அடிக்கும் ஜெயசீலி எனக்கு ஒரு வகையில் நாத்தனார் முறை. வக்கீல் சொன்னாராம், இப்படித் தள்ளுபடியான கேசுக்கு இதே காரணத்தை வைத்துப் புதுக் கேஸ் போட முடியாது, பழைய கேசையே எழுப்ப வேண்டும், ஒரு மாசத்துக்குள் மனு போட வேண்டும், ஏன் வரவில்லை என்பதற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். காரணம் ஜட்ஜுக்கு ஒப்பவில்லை என்றால் சந்து ராஜப்பாவுடையதாகவே போய்விடும். அதனால் டைபாய்டு என்று போடலாம், சர்டிபிகேட்டுக்கு ஆள் இருக்கிறது, எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள் என்றார்.

“எனக்கு ஜொரம் வரலையே சார்.”

“உண்மையை எழுதினா கோர்ட்டே சிரிக்கும்மா.”

“லைனே சிரிச்சிகினுதான் கீது. கோர்ட்டும் சிரிச்சிட்டுப் போவட்டும். நடந்ததை எழுதுங்க.”

வக்கீல் ஒரு நிமிஷம் யோசித்திருக்கிறார். டைபாய்டு வந்தவள் அன்று மத்தியானம் ஒரு லைன் முழுக்க ஸ்வீட் கொடுத்ததை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் என்றாள். சரி, நடந்ததையே எழுதுவோம் என்று இறங்கி வந்தார். ஜெயசீலி சிரித்துச் சிரித்து மூன்று தடவை தப்பாக அடித்தாளாம்.

நடந்ததை எழுதினால், சொல்லிக்கொடுத்தவர் வந்து சாட்சி சொல்ல வேண்டாமா? சங்கமித்ரா மரியகுழந்தை வீட்டுக்குப் போனாள். அவர் முடியாது என்று சொல்லவில்லை. காபி கொடுத்தார், பாஸ் என்ற வார்த்தைக்கு டிக்‌ஷனரியில் எத்தனை அர்த்தம் இருக்கிறது என்று காட்டினார், மறுநாள் விடியும் முன் பையைத் தூக்கிக்கொண்டு வேலூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இத்தனை வருஷ இங்கிலீஷைக் கோர்ட்டில் கொண்டுபோய்க் கழுவி ஊற்ற அவருக்கு மனசு வரவில்லை. சங்கமித்ரா அவரைத் திட்டவில்லை. எனக்கும்தான் காது கேட்டது, நானும்தான் நம்பினேன் என்றாள்.

அதற்குப் பிறகு அவள் கோர்ட்டுக்குப் போன விதமே வேறு. லீவு தீர்ந்துபோய், ஞாயிற்றுக்கிழமையில் வேலை செய்து ஈடு கட்டினாள். வாய்தா அன்று கோர்ட் திறக்கும் முன்னே போய் முன் பெஞ்சில் உட்காருவாள். ஜட்ஜ் எழுந்து போய் டவாலி விளக்கை அணைக்கும் வரை அசைய மாட்டாள். டீ கிடையாது, வராந்தா கிடையாது. பக்கத்தில் யாராவது ‘பாஸ் ஓவர்’ கேட்டு எழுந்தால் புடவையைப் பிடித்து உட்கார வைப்பாளாம். “குந்துங்கம்மா. அது போவச் சொல்றது இல்ல.” பேத்தமங்களாவிலிருந்து நிலக் கேசுக்கு வந்த ஒரு கிழவர், இவள் வக்கீலா என்று ஜெயசீலியிடம் விசாரித்திருக்கிறார்.

ராஜப்பா பக்கத்து வக்கீல் பதில் மனு போட்டார். ஸ்வீட் கொடுத்தது பொய், பூட்டைத் திறந்தது பொய், வாதிக்குக் கேசில் அக்கறை இல்லை, வேண்டுமென்றே வரவில்லை. அதற்குச் சாட்சி கங்கம்மா. சங்கமித்ராவுக்குச் சாட்சியாக எங்களில் யாரும் கூண்டில் ஏறவில்லை, தினமும் ராஜப்பா முகத்தில் முழிக்க வேண்டுமே.

கங்கம்மா சாட்சி சொன்ன அன்று லைனிலிருந்து நாங்கள் இரண்டு ஆட்டோவில் போனோம். வேடிக்கை பார்க்க என்று சொல்ல முடியாது. யாருக்கு உடம்பு எப்படி இருக்கும், துணைக்கு நாலு பேர் வேண்டாமா?

கங்கம்மா பட்டுப் புடவையில் வந்திருந்தது. வீட்டில் வைத்து ராஜப்பா நன்றாகத் தயார் செய்திருந்தார் என்பது தெரிந்தது. விநாயக் ஒவ்வொன்றாகக் கேட்டார். அன்று வாதி உங்கள் வீட்டுக்கு வந்தாளா? இல்லை. ஸ்வீட் கொடுத்தாளா? இல்லை. பூட்டைத் திறந்தீர்களா? இல்லை. சந்து வழியாகப் பெரியசாமி போனாரா? இல்லை. கேட்பதற்கு முன்பே இல்லை வந்து விழுந்தது. எங்களுக்கே, நாம் பார்த்தது கனவோ என்று தோன்ற ஆரம்பித்தது. வக்கீல் காகிதத்தை மடித்து உட்காரப் போனார்.

அப்போது சங்கமித்ரா அவர் கவுனைப் பிடித்து இழுத்துக் காதில் என்னவோ சொன்னாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் கவுனை விடவில்லை. கடைசியில் அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து, டவுனில் பேர்போன கடையிலிருந்து சுத்த நெய் மைசூர் பாக்கு வாங்கி வாதி லைன் முழுக்கக் கொடுத்தாள், அதை நீங்கள் மறைக்கிறீர்கள், சரியா என்றார்.

“நெய்யா? அது டால்டா சாமி. மேல்வாயில ஒட்டிகினு ராத்திரி வரைக்கும் போவல.”

கங்கம்மாவைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் கிடையாது. எங்கள் லைனில் எந்தக் கல்யாணச் சாப்பாட்டையும் அது நன்றாக இருந்தது என்று சொன்னதே இல்லை. டால்டாவை நெய் என்று ஒருவர் சொல்ல அது எப்படிச் சும்மா இருக்கும்?

கோர்ட் சிரித்தது. ராஜப்பா தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். ஜட்ஜ் அம்மா சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எளிய கன்னடத்தில், அப்படியானால் பூட்டு என்ன ஆச்சு அம்மா, உண்மையைச் சொல்லுங்கள் என்றார்.

கங்கம்மா பட்டுப் புடவை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டது.

“தொறந்தேம்மா. அமீன் போலீசோட வந்து ஒடைச்சா லைன்ல மானம் போவும்னு நானே தொறந்தேன். பெரியசாமிண்ணா கட்டிலைப் புடிச்சிகினு நடந்து போனாரு. திரும்பி வந்து எங்க ஊட்டு வாசல்ல நின்னு தண்ணி கேட்டாரு. ஒரு சொம்புத் தண்ணியும் நின்ன வாக்குல குடிச்சாரு. இன்னொரு சொம்பு கேட்டாரு. அதையும் குடிச்சாரு.”

அந்தச் சொம்பு விஷயம் எனக்கே தெரியாது. நான் அப்போது மைசூர் பாக்கை எடுத்து வைக்க உள்ளே போயிருந்தேன் போலிருக்கிறது. சங்கமித்ராவுக்கும் தெரியாது. முன் பெஞ்சில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தவள் முதல் தடவையாகத் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

அடுத்த வாய்தாவில் ஜட்ஜ் அம்மா, வாதி வேண்டுமென்று போகவில்லை, வென்றுவிட்டோம் என்று நம்பித்தான் போயிருக்கிறாள், எதிர்க்கட்சி வீட்டிலேயே அதை நம்பிப் பூட்டைத் திறந்திருக்கிறார்கள் என்று சொல்லி, கேசைப் பழைய நம்பரிலேயே மறுபடி எடுத்துக்கொண்டார். சங்கமித்ரா கூண்டில் ஏறினாள். எதிர்க்கட்சி வக்கீல் ஒரு நாள் பூராவும் கேட்டார். அவள் ஒரு நாள் பூராவும் நின்று சொன்னாள். ஒரு மழைக்காலம் போய் இன்னொரு மழைக்காலம் வரும் முன் தீர்ப்பு வந்தது. சந்தைத் திறந்துவிட வேண்டும், இனி அடைக்கக் கூடாது. அன்றும் அவள் தீர்ப்பைக் கேட்டவுடன் கிளம்பவில்லை. வக்கீல் வந்து, நிஜமாகவே முடிந்துவிட்டது என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

ராஜப்பா கோலார் பெரிய கோர்ட்டுக்கு அப்பீல் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் பிரதாப் பெங்களூரில் தன் ஆபீசிலேயே பவ்யா என்ற பெண்ணைப் பார்த்து வைத்திருந்தான். அவளோ நான் இந்த ஊருக்கு வர மாட்டேன், தினமும் ரயிலில் தொங்கவும் மாட்டேன் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டாள். ஆக அந்தக் கட்டிலில் யாரும் ஒரு ராத்திரிகூடப் படுக்கவில்லை. ராஜப்பாவும் அப்பீல் பேச்சை விட்டார். ஷீட்டைக் கழற்றும்போது பிரதாப்பே ஏணியில் நின்றான். சங்கமித்ரா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கங்கம்மா இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தது, ஆனால் சங்கமித்ராவோடு பேசவில்லை. பேச இன்னும் மூன்று மாசம் ஆயிற்று.

பிரதாப் கல்யாணம் பேத்தமங்களாவில் நடந்தது. அவனும் பவ்யாவும் பெங்களூரில் ஏழாவது மாடியில் குடியிருக்கிறார்கள். கங்கம்மா ஒரு தடவை போய்விட்டு, அங்கே சண்டை போடக்கூட ஆள் இல்லை என்று நாலாம் நாளே திரும்பிவிட்டது. மரியகுழந்தை வேலூரிலேயே தங்கிவிட்டார், வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். அங்கே யாருக்கோ மனு எழுதிக் கொடுப்பதாகக் கேள்வி. வக்கீல் விநாயக் பற்றி நாங்கள் வேறு மாதிரி எதிர்பார்த்திருந்தோம். அவர் கோலாரில் பெண் எடுத்து, ஆபீசையும் அங்கேயே மாற்றிக்கொண்டார். ஜெயசீலிக்கு வேலை போனதுதான் மிச்சம்.

சங்கமித்ரா போன வைகாசியில் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை மகிழன், அதே விடியற்கால ரயிலில் ஆறு வருஷமாக அவள் எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டு போனவர். புத்த விகாரில் பஞ்சசீலம் சொல்லி, மாலை மாற்றி, அரை மணியில் முடிந்தது. மாப்பிள்ளையின் அம்மா, பெண் எங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றார்கள். நைனாவை விட்டு வர முடியாது, இது ஒன்றுதான் என் பேச்சு என்று இவள் சொல்லிவிட்டாள். பேச்சு இரண்டு மாசம் இழுத்தது. இழுக்கிற பேச்சில் அவளை ஜெயிக்க முடியாது என்று நாங்கள் யாராவது போய் அந்த அம்மாவிடம் முன்பே சொல்லியிருக்கலாம். கடைசியில் மகிழன்தான் ஒரு டிரங்க் பெட்டியோடும் ஒரு மிக்சியோடும் எங்கள் லைனுக்குக் குடிவந்தார்.